நான் சரிசெய்த ஒரு ஈசிஜி

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். முன்பு நான் வேலை பார்த்த ஈசிஜி அறையில் இப்போது வேலை பார்ப்பவள் அவள். புது மெஷின் வந்திருக்கிறதாம்.

"அக்கா, கை வயர மாத்தி மாட்டிட்டா அதுவே சொல்லிடுது. பேப்பர் மேலயே அடிச்சி வந்துடுது. இனிமே நமக்கு டென்ஷனே இல்ல" என்று ஒரே குதூகலம்.

"சொன்னா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"மாத்தி மாட்டிட்டு மறுபடி எடுப்பேன். வேற என்னா பண்ணுவாங்க?"

உடனே அவளுக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு நோயாளி வந்துவிட்டார். மீதியை அவள் இதில் படித்துக்கொள்ளட்டும்.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் ஈசிஜி டெக்னீசியனாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தப்பு செய்தது நான், கட்டடத்துக்கு எதற்குக் கெட்ட பெயர்? வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். தினமும் பஸ்ஸில்தான் போய்வந்தேன். எந்த இடத்தில் பஸ் குலுங்கும், எந்த இடத்தில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் நர்ஸ் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் 'சிஸ்டர் ஸ்டெல்லா'தான். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

படிப்பு ஒரு வருடம். பாதி நாள் மெஷினைத் துடைத்தோம். மீதி நாள் ஒருவர் கையில் ஒருவர் கிளிப் மாட்டிப் பழகினோம். வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை எழுப்பிக் கேட்டும் பார்த்தார், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சிவப்பையும் மஞ்சளையும் கை மாற்றி மாட்டிவிட்டால் பேப்பரில் முதல் வரி தலைகீழாக வரும். மேலே ஏற வேண்டிய கோடு கீழே இறங்கும். அதைப் பார்க்கிற டாக்டர் மாரடைப்போ என்று மிரண்டுபோவார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த தலைமை டெக்னீசியன் அதற்கென்றே ஒரு தெர்மோகோல் அட்டையைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். கை மாற்றியவரின் பேப்பர் அதில் பெயரோடு ஒரு வாரம் தொங்கும். டீ கொண்டுவரும் ஆள்கூட நின்று படித்துவிட்டுப் போவார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. நான் தலைமைக்கு வந்தபோது அதை இன்னும் கடுமையாக்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அதில் அதுவரை ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

எங்கள் பெரிய டாக்டர் ராஜமாணிக்கம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் அறைக்கு வருவார். நாற்காலியில் உட்கார மாட்டார், நோயாளி உட்காரும் ஸ்டூலில்தான் உட்காருவார். அன்றைய ஈசிஜிக்கள் எல்லாவற்றையும், மற்ற டாக்டர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டதைக்கூட, ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மேலே மெஷின் அடித்திருக்கும் முடிவை இடது கட்டைவிரலால் மூடிக்கொள்வார். "மெஷின் சொன்னத அப்பறம் கேட்டுக்கலாம். மொதல்ல பேஷண்ட் என்ன பண்ணாருன்னு நீங்க சொல்லுங்க" என்பார். இருமினாரா, பயந்தாரா, படி ஏறி வந்தாரா, எல்லாம் நாங்கள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு "சரி" என்பார். அந்த ஒரு 'சரி'யில் பத்து வகை உண்டு. முப்பத்தோரு வருடத்தில் ஏழெட்டு வகைதான் எனக்குப் பிடிபட்டது.

வலி எங்கே என்று மட்டும் கேட்காதே, எப்போது என்று கேள் என்பது அவர் பாடம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாப்பழ வியாபாரி ஒருவர் வந்தார். கீழ்த்தாடையில் வலி. பல் என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாகிவிட்டது. வலி போகவில்லை. எங்கள் டிரெட்மில்லில் அரைமணி நேரம் ஓடச் சொன்னாலும் ஓடுவார் போல இருந்தார், ஈசிஜியில் ஒரு மாற்றமும் இல்லை. பெரிய டாக்டர் மட்டும் "வலி எப்ப வரும்?" என்றார். விடிகாலையில் சும்மா படுத்திருக்கும்போது என்றார் வியாபாரி. வார்டில் சேர்த்து, தாடையைப் பிடிக்கும் நேரத்தில் ஈசிஜி எடுத்தோம். கோடு மலை மாதிரி எழும்பியது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்ததும் இறங்கிவிட்டது. அடைப்பு இல்லாத நல்ல ரத்தக்குழாய் அந்த நேரத்தில் மட்டும் தானாகச் சுருங்கிக்கொள்கிற அபூர்வக் கோளாறு அது. மருந்தில் குணமானார். "அப்ப என் பல்லு?" என்று கேட்டார். போன பல் போனதுதான்.

பெரிய டாக்டர் சொல்லித்தந்த இன்னொன்று இந்தக் கதைக்கு முக்கியம். ஈசிஜியில் மொத்தம் பன்னிரண்டு வரி. கையில் மாட்டுகிற கிளிப்பிலிருந்து வருவது முதல் வரி. மார்பின் இடது ஓரத்தில் ஒட்டுவதிலிருந்து வருவது கடைசி வரி. "மொதலும் கடைசியும் அண்ணன் தம்பி மாதிரி. ரெண்டும் இதயத்தோட எடது பக்கத்ததான் பாக்குது. மூஞ்சி ஒத்துப் போவணும். அண்ணன் மட்டும் தலைகீழா நின்னா கை மாறிப் போச்சுன்னு அர்த்தம். ரெண்டு பேருமே தலைகீழா நின்னா நெஜமாவே வீட்டுல ஏதோ வெவகாரம்" என்பார். இதை நான் புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒப்பித்திருக்கிறேன். ஒப்பிப்பது வேறு, வேளை வரும்போது செய்வது வேறு.

அது மார்கழி மாதம். ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின நாள், ஊரெல்லாம் கூட்டம். குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு சீட்டோடு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். திருவந்திபுரம் பக்கம் ஊர். மருமகள் பெயர் கலைச்செல்வி. கையில் மூன்று மாதப் பெண் குழந்தை, யாழினி. அப்பா குவைத்தில். நெஞ்சு வேகமாக அடிக்கிறது, எதற்கும் ஒரு ஈசிஜி பார்த்துவிடலாம் என்று அனுப்பியிருந்தார்கள்.

மாமியார்தான் பேசினார். "பால் குடிக்க வாய வச்சா நாலு இழுப்பு இழுக்குது சிஸ்டர். உடனே உட்டுட்டு வீல்வீல்னு கத்துது. உரம் விழுந்துருக்குன்னு மூணு தடவ சேலையில போட்டு உருட்டி எடுத்தாச்சி. அப்பறந்தான் தெரிஞ்சிது, இவ பாலு புள்ளைக்கி ஆவல. இவளுக்கு வெறும் ரசஞ்சோறுதான் போட்டுப் பாத்தோம், அப்பவும் ஆவல. பத்து நாளா பவுடர் பாலுதான். அதையும் குடிக்க மாட்டேங்குது."

கலைச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பவுடர் பாலையும் குடிக்க மாட்டேன் என்கிறது என்ற கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

கைப்பிள்ளைக்கு ஈசிஜி எடுப்பது தனி வித்தை. பெரியவர்களுக்கு உள்ள கிளிப் நிற்காது. ஒட்டுகிற பட்டைகளைக் கத்தரித்துச் சின்னதாக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணி ஒட்ட வேண்டும், சில்லென்று பட்டால் பிள்ளை துள்ளிவிடும். யாழினி கட்டிலில் படுக்க மறுத்துக் கத்தியதால் அம்மா மடியிலேயே வைத்து எடுத்தேன். குழந்தை ஒருபுறம் திரும்பி, நான் ஒருபுறம் குனிந்து, வயர் ஒருபுறம் சுற்றி, ஒரு வழியாக அழுகை நின்றதும் பட்டனை அழுத்தினேன்.

பேப்பர் வந்தது. முதல் வரி தலைகீழ்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு உடனே சுவரில் இருந்த அட்டைதான் கண்ணில் பட்டது. மடியில் திரும்பிப் படுத்திருந்த பிள்ளைக்குக் கை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். எந்தக் கையில் எந்த வயர் என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பிள்ளை மறுபடி கத்துவதற்குள் சிவப்பைக் கழற்றி மஞ்சள் இருந்த இடத்திலும் மஞ்சளைக் கழற்றிச் சிவப்பு இருந்த இடத்திலும் மாட்டி இன்னொன்று எடுத்தேன். முதல் வரி அழகாக மேலே ஏறி வந்தது. அப்பாடா என்று இருந்தது. கடைசி வரி கீழே இறங்கியிருந்ததைப் பார்த்தேன். சின்ன மார்பு, பட்டைக்கு அடியில் தடவிய ஜெல்லி ஒன்றோடொன்று கலந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் பேப்பரை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

அன்று இருந்த இளம் டாக்டர் என் இரண்டாவது பேப்பரைப் பார்த்தார். பன்னிரண்டில் ஒரு வரி சரியில்லை என்றால் கைப்பிள்ளை அசைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதுவும் சிஸ்டர் ஸ்டெல்லா எடுத்தது. வயிற்று வலிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வழக்கம்போலப் பெரிய டாக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலாவதாக யாழினியின் பேப்பர். கட்டைவிரல் மேலே, கண் கீழே. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஸ்டெல்லாம்மா, இந்த அண்ணன் தம்பிக்குள்ள என்ன சண்ட?"

"ஜெல்லி கலந்துருக்கும் சார். ரொம்பச் சின்ன நெஞ்சு."

"எத்தன தடவ எடுத்தீங்க?"

"ஒரு தடவதான் சார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் "சரி" என்று சொல்லிப் பேப்பரைத் தனியாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். எனக்குத் தெரியாத வகைச் 'சரி' அது. அவர் தலைக்குப் பின்னால் அட்டை. கூடை என் காலடியில். அந்தப் பிள்ளை நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கத்துகிற சத்தம் எனக்கே கேட்பது போல இருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"சார், ரெண்டு தடவ எடுத்தேன். மொதல்ல எடுத்தத கிழிச்சிட்டேன்."

மண்டி போட்டுக் கூடையைக் கிளறினேன். ஜெல்லி துடைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மேஜையில் வைத்து இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தேன். அவரும் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டார். முதல் வரி தலைகீழ். கடைசி வரியும் தலைகீழ்.

"இதுல கை மாறலம்மா. இதுதான் அந்தப் புள்ளையோட ஈசிஜி. மாத்தி எடுத்தது ரெண்டாவது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது மாரடைப்பு மாதிரியில்ல சார் இருக்கு? மூணு மாசப் புள்ளைக்கு எங்கேர்ந்து வரும்?"

"குழாய் தப்பான எடத்துலேர்ந்து கெளம்புனா வரும். புத்தகத்துலதான் பாத்துருக்கேன், நேர்ல பாத்ததில்ல. புள்ள எங்க?"

சீட்டில் இருந்தது குவைத் நம்பர். அடித்தோம், எடுக்கவில்லை. மருந்துக் கடை வரிசையில் இல்லை. "நீங்களே போங்க. மொகம் தெரிஞ்சது உங்களுக்குத்தான்" என்றார். ஓர் ஆட்டோவைப் பிடித்துப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

தரிசனக் கூட்டத்தால் பஸ்கள் எல்லாம் தாமதம். நடராஜர்தான் பிடித்து வைத்திருந்தார் என்று என் தோழிகள் சொல்வார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் அதை மறுத்துப் பேசியதில்லை. இரண்டு கடலூர் பஸ்ஸில் ஏறி இறங்கினேன். மூன்றாவதில் ஜன்னலோரம் கலைச்செல்வி.

பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாழினி நாலு இழுப்பு இழுத்தாள். நிறுத்தினாள். மார்கழிக் குளிருக்கு எல்லோரும் போர்த்திக்கொண்டிருந்த பஸ்ஸில் அந்தப் பிள்ளையின் நெற்றி முழுக்க வியர்வை. முகம் சாம்பல் பூத்துப்போய்விட்டது. பிறகு அழுகை. டிரெட்மில்லில் நெஞ்சு வலி வந்து நிறுத்தச் சொல்லும் ஆட்களின் முகம் எனக்கு அத்துப்படி. அதே முகம் அந்தப் பிடி அளவு முகத்தில் இருந்தது. பக்கத்தில் ஓர் அம்மாள், "வசம்பு சுட்டு வச்சிப் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கலைச்செல்வி, எறங்கும்மா. பெரிய டாக்டர் கூப்புடுறாரு" என்றேன்.

மாமியார் விடவில்லை. "ஒண்ணும் இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாருல்ல? திரும்ப என்னாத்துக்கு அலைய உடுறீங்கோ? பஸ்ஸ உட்டா பொழுதுக்கும் நிக்கணும்."

மெஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அன்றைக்குச் சொன்ன ஒரு பொய்யே போதும் என்று இருந்தது.

"டாக்டர் மேல தப்பு இல்லம்மா. நான்தான் ஈசிஜிய தப்பா எடுத்துட்டேன். அதனாலதான் ஒண்ணும் இல்லன்னு வந்துருக்கு. புள்ளைக்கி நெஞ்சுல கோளாறு இருக்கும்னு பெரிய டாக்டர் பயப்படுறாரு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "ஏம்மா, பச்சப் புள்ள விஷயத்துல இப்புடியா வேல பாப்பீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

கலைச்செல்வி எழுந்தாள். அவள் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். "எறங்குங்க அத்த" என்றாள். மாமியார் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பெரிய டாக்டர் சாப்பிடாமல், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறையில் காத்திருந்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதயத்தின் இடது பக்கம் பெருத்து, சோர்ந்து, துடிப்பதற்கே சங்கடப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ரத்தம் கொடுக்கும் இடது குழாய் கிளம்ப வேண்டிய இடத்தில் இல்லை. தேடித் தேடி, நுரையீரலுக்குப் போகும் குழாயோடு அது ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். திரையில் விரலை வைத்து எனக்கும் காட்டினார்.

பிறகு கலைச்செல்வியைத் தன் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். "இதயத்துக்குச் சாப்பாடு கொண்டுபோற குழாய் ரெண்டும்மா. ரெண்டும் நல்ல ரத்தம் போற பெரிய குழாயிலேர்ந்து கெளம்பணும். உம் புள்ளைக்கி எடது குழாய் மட்டும் கெட்ட ரத்தம் போற குழாயிலேர்ந்து கெளம்பிருக்கு. பொறந்த புதுசுல சமாளிச்சிக்கும். ரெண்டு மூணு மாசத்துல முடியாமப் போயிரும். கைப்பிள்ளைக்கிப் பால் குடிக்கிறதுதான் பெரிய வேல, நாம மல ஏர்ற மாதிரி. குடிக்கும்போது நெஞ்சு வலிக்கிது. சொல்லத் தெரியாம அழுவுது. மெட்ராசுல ஆபரேஷன் பண்ணி குழாய எடம் மாத்தி வச்சிருவாங்க. பெரிய ஆபரேஷன்தான். ஆனா இன்னைக்கே கெளம்பணும்."

ஆபரேஷன் என்றால் பிழைக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கலைச்செல்வி கேட்டது வேறு.

"அப்ப எம் பாலு மேல தப்பு இல்லியா சார்?"

"ஒரு தப்பும் இல்லம்மா. அத குடிக்கத்தான் புள்ளைக்கித் தெம்பு இல்ல."

அவள் வாய்விட்டு அழுதாள். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன், எனக்கும் தாங்கவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு கிழிந்த பேப்பரை ஒட்டி, இரண்டாவது பேப்பரையும் பக்கத்தில் வைத்து, என் பெயரை எழுதி அட்டையில் குத்தினேன். ஒரு வாரம் தொங்கியது. அதன் பிறகு அட்டையைக் கழற்றிவிட்டேன். எங்களைத் திருத்தத்தான் அதை மாட்டினார்கள், அது எங்களைப் பேப்பரைக் கிழித்து மறைக்கப் பழக்கியிருந்தது. சுகன்யா, மெஷின் சொன்னதும் மாற்றாதே. முதலில் கையைத் தொட்டுப் பார், அப்புறம் கடைசி வரியைப் பார். எத்தனை தடவை எடுத்தாலும் அத்தனையையும் டாக்டரிடம் கொடு. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

ஆபரேஷன் முடிந்தும் பன்னிரண்டு நாள் வரை யாழினி கண் விழித்தாள் என்ற செய்தி வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பஸ்ஸில் தூங்கவில்லை. பதின்மூன்றாம் நாள் பெரிய டாக்டர் கதவருகே தலையை மட்டும் நீட்டி, "புள்ள பொழச்சிக்கிச்சு" என்றார்.

சித்திரையில் மறுபடி ஈசிஜிக்கு வந்தார்கள். கன்னம் உப்பிப்போய், காலை உதைத்துக்கொண்டு, பட்டையை ஒட்ட விடாமல் ஒரே ரகளை. மூன்று தடவை பிய்த்துப் போட்டாள். வெளியே பெரிய வரிசை. மாமியார் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கி மருமகள் மடியில் வைத்தார்.

"நீ பால் குடும்மா. குடிச்சாதான் தூங்கும். அப்பதான் சிஸ்டர் எடுக்க முடியும்" என்றார்.

கலைச்செல்வி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். நான் எண்ணினேன். நாலு இழுப்பு, ஐந்து, ஆறு, பத்து. இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை, கண் மறைத்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு வியர்வை இல்லை. வெளியே வரிசையில் நின்ற ஒருவர், "இன்னும் எவ்ளோ நேரம் சிஸ்டர்?" என்று சத்தம் போட்டார்.

"புள்ள பால் குடிக்கிது, இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.